லாஸ் வேகஸ்: சூதாடத் தெரியாத அப்பா அம்மாவோடு மூன்று நாள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து காரிலேயே லாஸ் வேகஸ் போய் மூன்று நாள் இருக்கலாம் என்று யோசிக்கிறீர்கள். வீட்டில் யாருக்கும் சூதாட்டமோ குடியோ பழக்கமில்லை, இருவரும் சைவம், அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவுக்கு மட்டும் "ஒரே ஒரு தடவை ஆடிப் பார்க்கணும்" என்று ஆசை. பெரியவர்களைக் கூட்டிப்போகிற ஊரா அது, எவ்வளவு கையைக் கடிக்கும், அங்கே என்னதான் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏப்ரல் நல்ல மாதம். பகலில் 25, 26 டிகிரி இருக்கும், ராத்திரியில் ஸ்வெட்டர் வேண்டும். இதையே ஜூலைக்குக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். ஜூலையில் பகல் வெயில் சாதாரணமாகவே 40 டிகிரியைத் தொடும். 2024 ஜூலை 7 அன்று 48.9 வரை போனது.

நான் அந்த ஊரில் ஒரு ஹோட்டலில் ஆறு வருஷம் இரவுக் கணக்குப் பார்த்தவன். நைட் ஆடிட் என்பார்கள். நள்ளிரவுக்கு மேல் அன்றைய அறை வாடகை, சாப்பாடு, பார்க்கிங் எல்லாவற்றையும் ஒவ்வொருவர் பில்லிலும் ஏற்றி அந்த நாளின் கணக்கை மூடுகிற வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். "நாங்கள்தான் ஆடப்போவதில்லையே, எங்களுக்கு என்ன செலவு" என்று நினைத்து வருகிற குடும்பங்கள்தான் காலையில் பில்லைப் பார்த்து அதிர்ந்து நிற்பார்கள். ஸ்ட்ரிப் என்கிற அந்தப் பெரிய சாலையில் இருக்கும் ஹோட்டல்களின் வருமானத்தில் சூதாட்டத்தின் பங்கு பாதிக்கும் குறைவு. கால் நூற்றாண்டாக அப்படித்தான். மீதியெல்லாம் அறை, சாப்பாடு, மது, காட்சி டிக்கெட். ஒரு காலத்தில் ஆட வருகிறவரை இழுப்பதற்காக அறையையும் சாப்பாட்டையும் மலிவாகக் கொடுத்தார்கள். இன்று அறையும் சாப்பாடுமே வியாபாரம். என் அப்பா முதல் தடவை வந்தபோது காரில் உட்கார்ந்தபடி, "இவ்வளவு லைட்டுக்கும் கரண்ட் பில் யாருடா கட்டுறது?" என்று கேட்டார். அறை எடுத்து ஆடாமல் போகிறவர்களும் சேர்ந்துதான் கட்டுகிறார்கள் என்பதே சரியான பதில்.

ஆகவே புக் செய்யும்போதே கணக்குப் போட்டுவிடுங்கள். அறை வாடகையோடு 'ரிசார்ட் ஃபீ' என்று ஒன்று வரும், ஸ்ட்ரிப்பில் பெரும்பாலும் ஒரு ராத்திரிக்கு 40 முதல் 55 டாலர். நீச்சல் குளத்தில் கால் நனைக்காவிட்டாலும் கட்டியாகவேண்டும். முன்பெல்லாம் இதை மறைத்து வைத்து, கடைசிப் பக்கத்தில்தான் காட்டுவார்கள். 2025 மே முதல் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்துத்தான் விலை காட்டவேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் விதி வந்திருப்பதால் அந்த ஏமாற்றம் குறைந்திருக்கிறது. ஆனாலும் 13 சதவீதத்துக்கு மேல் அறை வரி தனி, பார்க்கிங் தனி. ஒருசில ஹோட்டல்களில்தான் பார்க்கிங் இன்னும் இலவசம். கார் கொண்டுபோகிற உங்களுக்கு இது முக்கியம்.

எந்த நாளில் போகிறீர்கள் என்பது இதையெல்லாம்விடப் பெரிய வித்தியாசம் செய்யும். வெள்ளி, சனிக்கிழமைகளில் அதே அறை இரண்டு மூன்று மடங்கு விலைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிப் போய், புதன்கிழமை திரும்புங்கள். ஞாயிறு மதியத்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் திரும்புகிற வண்டிகள் மாநில எல்லையில் பிரிம் பக்கத்தில் மைல் கணக்கில் நிற்கும். நீங்கள் எதிர்த்திசையில் நிம்மதியாகப் போவீர்கள். சுமார் 270 மைல், நான்கு நான்கரை மணி நேரம். இன்னொன்று: ஏப்ரலில் ஒளிபரப்புத் துறையினரின் என்.ஏ.பி. மாநாடு அங்கே நடக்கும். தேதியைப் பார்த்து அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

செக்-இன் செய்யும்போது அறைச் செலவுக்கு மேல் ஒரு தொகையைக் கார்டில் நிறுத்தி வைப்பார்கள். ராத்திரிக்கு 50 முதல் 150 டாலர் வரை போகும், ஹோட்டலைப் பொறுத்தது. கிரெடிட் கார்டு கொடுத்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, இரண்டு மூன்று நாளில் தானாக விடுபட்டுவிடும். டெபிட் கார்டு கொடுத்தால் கணக்கிலிருக்கும் நிஜப் பணமே மாட்டிக்கொள்ளும். என் அப்பா அம்மா தாங்களாகவே போய்த் தங்கிய ஒரு ஹோட்டலில், ஊரில் டாலர் ஏற்றிக் கொண்டுவந்த பயண அட்டையை அப்பா நீட்டிவிட்டார். நிறுத்தி வைத்த பணம் விடுபடப் பத்து நாளுக்கு மேல் ஆனது. அந்தப் பத்து நாளும் அந்தக் கார்டில் பால் பாக்கெட் வாங்கக்கூடக் காசில்லை. கவுண்டரில் உங்கள் கிரெடிட் கார்டையே கொடுங்கள்.

அறைக்குள் போனதும் அம்மா தேடப்போவது வெந்நீர். ஸ்ட்ரிப்பில் பல ஹோட்டல் அறைகளில் கெட்டிலோ காபி மெஷினோ கிடையாது. கீழே வந்து வரிசையில் நின்று காபி வாங்கட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. உங்கள் வீட்டு மின் கெட்டிலை எடுத்துப் போங்கள், இன்ஸ்டன்ட் காபிப் பொடியும் பால் பவுடரும் போதும். அறையில் இருக்கும் குளிர்பெட்டி விற்பனைக்கான பொருள்களால் நிறைந்திருக்கும். பல இடங்களில் அடியில் சென்சார் வைத்திருப்பார்கள். ஒரு பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாலும் பில்லில் ஏறிவிடும். அப்படி ஏறியவற்றை நீக்கச் சொல்லி வந்த புகார்களை நானே எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். அப்பா அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்சுலின் மாதிரி மருந்து இருந்தால், "மருந்துக்காகச் சின்ன ஃப்ரிட்ஜ் வேண்டும்" என்று முன்கூட்டியே கேளுங்கள், கொண்டுவந்து வைப்பார்கள்.

சாப்பாட்டில் பஃபே ஆசை காட்டுவார்கள். கொரோனாவுக்குப் பிறகு பல பஃபேக்கள் திறக்கவே இல்லை, மிச்சமிருக்கும் பெரிய பஃபேக்களில் ஆளுக்கு 50 டாலருக்கு மேல். நண்டும் இறைச்சியும்தான் அந்த விலைக்கு நியாயம் செய்யும். சைவம் சாப்பிடுகிறவருக்கு அது நஷ்டம். ஸ்ட்ரிப்பை விட்டுக் காரில் பத்து நிமிஷம் வெளியே வந்தால் இந்திய ஹோட்டல்கள் இருக்கின்றன, தோசை கிடைக்கும், விலை பாதி. முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

இனி ஊரைப் பற்றி. 1905 மே 15 அன்று ஒரு ரயில்வே கம்பெனி மனைகளை ஏலம் விட்டதில் பிறந்த ஊர் இது. 1931-ல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே வருஷம் பக்கத்தில் கொலராடோ ஆற்றில் ஹூவர் அணை வேலை தொடங்கியது. வேலையாட்களை ஒழுங்காக வைத்திருக்க அரசாங்கம் போல்டர் சிட்டி என்று ஒரு குடியிருப்பைக் கட்டி, அங்கே சூதாட்டத்தைத் தடை செய்தது (இன்றைக்கும் அங்கே தடைதான்). சம்பளம் வாங்கியவர்கள் லாஸ் வேகஸ் ஃப்ரீமான்ட் தெருவுக்கு வந்தார்கள். ஆக, பழைய ஊர் ஃப்ரீமான்ட் தெரு. நீங்கள் படங்களில் பார்க்கிற ஸ்ட்ரிப் அதற்குத் தெற்கே, நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. 1941-ல் முதல் ஹோட்டல் அங்கே வந்தது. நகராட்சி வரிக்குள் சிக்காமல் இருக்கத்தான் வெளியே கட்டினார்கள். இன்றுவரை அந்த இடம் பாரடைஸ் என்ற பெயரில் மாவட்ட நிர்வாகத்தின் கீழ் தனியாக இருக்கிறது. 1959-ல் பெட்டி வில்லிஸ் என்பவர் வடிவமைத்த அந்தப் புகழ்பெற்ற வரவேற்புப் பலகைகூட லாஸ் வேகஸ் நகருக்குள் இல்லை. அப்பா அங்கே படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுவார். காலை எட்டு மணிக்கு முன் போனால் வரிசை இருக்காது.

அம்மாவின் முழங்காலுக்கு எதிரி இந்த ஸ்ட்ரிப்தான். ஒவ்வொரு கட்டடமும் அவ்வளவு பெரிது என்பதால் எல்லாமே பக்கத்தில் இருப்பது மாதிரி தெரியும். "அதோ தெரியுதே" என்று நடக்க ஆரம்பித்தால் அரை மணி நேரம் நடந்தும் அதே தூரத்தில் நிற்கும். மொத்த நீளம் நாலு மைலுக்கு மேல். சாலையை நேராகக் கடக்க விடாமல் பல சந்திப்புகளில் மேம்பாலம் கட்டியிருக்கிறார்கள். எஸ்கலேட்டர் அடிக்கடி நின்றிருக்கும், லிஃப்ட் ஓர் ஓரத்தில் இருக்கும். அந்தப் பாலங்களின் மேல் நின்று படம் எடுக்காதீர்கள், 2024 தொடக்கத்திலிருந்து அங்கே நிற்பதே சட்டப்படி குற்றம். இதையெல்லாம்விட முக்கியமானது: ஸ்ட்ரிப்பில் நடக்கக் காசு வேண்டாம், உட்காரத்தான் காசு வேண்டும். பெஞ்சு என்பது அபூர்வம். சூதாட்டக் கூடத்துக்குள் நூற்றுக்கணக்கில் மெத்தை நாற்காலிகள் இருக்கும், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மெஷின். வலியோடு நடக்கிற பெரியவர்கள் வேறு வழியில்லாமல் அதில் போய் உட்காருவதை நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

அதனால் வெட்கப்படாமல் சக்கர நாற்காலியோ மின் ஸ்கூட்டரோ வாடகைக்கு எடுங்கள், பெரிய ஹோட்டல்களில் பெட்டி தூக்குகிறவர்கள் கவுண்டரிலேயே ஏற்பாடு செய்வார்கள். மாண்டலே பே, லக்ஸர், எக்ஸ்கலிபர் என்ற மூன்று ஹோட்டல்களையும் இணைத்து ஓர் இலவச ரயில் ஓடுகிறது; பெலாஜியோ, ஏரியா, பார்க் எம்ஜிஎம் என்ற மூன்று ஹோட்டல்களையும் இணைத்து இன்னொன்று. டியூஸ் என்கிற இரட்டை அடுக்குப் பேருந்து ஸ்ட்ரிப் முழுக்க ஓடும். மோனோரயில் கிழக்குப் பக்க ஹோட்டல்களின் முதுகுப்பக்கமாகப் போவதால், ஸ்டேஷனுக்குப் போகவே ஒரு கூடத்தைக் கடந்து நடக்கவேண்டும், அம்மாவுக்கு வேண்டாம். காசில்லாமல் உட்கார எனக்குத் தெரிந்த நல்ல இடங்கள் இரண்டு: ஃப்ளமிங்கோ ஹோட்டலின் பின்தோட்டம், அங்கே நிஜமாகவே பூநாரைகள் நிற்கும், நியூயார்க் நியூயார்க் ஹோட்டலுக்கும் பார்க் எம்ஜிஎம்முக்கும் நடுவில் இருக்கிற சின்னப் பூங்கா.

பார்க்க என்ன என்றால், பெலாஜியோவுக்கு ஒரு மாலை முழுதாக ஒதுக்குங்கள். வரவேற்புக் கூடத்தின் கூரையில் டேல் சிஹூலி என்ற கண்ணாடிக் கலைஞர் செய்த சுமார் 2,000 கண்ணாடிப் பூக்கள் தொங்கும். அதைத் தாண்டினால் ஒரு பூந்தோட்ட மண்டபம், வருஷத்துக்கு ஐந்து முறை முழுவதையும் கலைத்து மறுபடி அமைப்பார்கள். மல்லிகையும் கனகாம்பரமும் கட்டிப் பழகிய அம்மாவுக்கு அங்கே நேரம் போவதே தெரியாது. அனுமதி இலவசம். இருட்டியதும் வெளியே வந்தால், எட்டு ஏக்கர் குளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்கள் பாட்டுக்கு ஏற்ப ஆடும். இரவில் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. முதல் பாட்டுக்குக் கூட்டத்தின் பின்னால் நில்லுங்கள். அது முடிந்ததும் கூட்டம் கலையும், அம்மாவைக் கைப்பிடிச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். தண்ணீர் உயரே போய் விழும்போது பீரங்கி மாதிரி ஒரு சத்தம், அதன்பின் முகத்தில் பொடித் தூறல். பலமான காற்று அடித்தால் காட்சியை நிறுத்திவிடுவார்கள், ஏப்ரலில் காற்று உண்டு. முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது.

பக்கத்திலேயே சீசர்ஸ் பேலஸ் ஹோட்டல். அதன் முகப்பில் சாலையோரமாக ஒரு சின்ன மண்டபத்தில் நான்முகப் பிரம்மா இருக்கிறார். தாய்லாந்திலிருந்து 1980-களில் வந்த சிலை. தாய்லாந்துக்காரர்களும் சீனர்களும் ஊதுவத்தி ஏற்றி, ஆரஞ்சுப் பழமும் பூவும் வைத்து, நான்கு முகத்துக்கும் ஒவ்வொன்றாகக் கும்பிட்டுச் சுற்றி வருவார்கள். நம் ஊரில் பிரம்மாவைத் தேடித் திருச்சி பக்கம் திருப்பட்டூர் வரை போகவேண்டும். இங்கே பேருந்து ஓடுகிற சாலையில் நிற்கிறார். என் அம்மா அன்று பையில் இருந்த ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டு, ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்றார். லாஸ் வேகஸில் அவருக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஸ்ஃபியர் என்கிற அந்தப் பெரிய கோளம் 2023 செப்டம்பரில் திறந்தது, 366 அடி உயரம். வெளிப்புறம் முழுக்க ஒளித்திரை. வெளியிலிருந்து பார்ப்பதே பெரிய காட்சி. உள்ளே டிக்கெட் விலை அதிகம், இருக்கை வரிசைகள் செங்குத்தாக இருக்கும், தலைச்சுற்றல் இருப்பவர்களுக்குச் சிரமம். அந்தப் பணத்துக்கு ஹை ரோலர் ராட்டினத்தில் ஏற்றுங்கள். 550 அடி, மூடிய கண்ணாடி அறை, அரை மணி நேரம், உட்கார இடம் உண்டு. சூரியன் மறைகிற நேரத்துக்கு ஏறினால் மலையும் தெரியும், விளக்குகளும் தெரியும். ஒரு மேடைக் காட்சி பார்க்கவேண்டுமென்றால் சர்க்யூ டு சொலேய் என்ற சர்க்கஸ் குழுவினரின் காட்சிகளில் ஒன்றுக்குப் போகலாம், மொழி தெரியாமலே ரசிக்கலாம்.

அப்பாவின் ஆசைக்கு வருகிறேன். அதைத் தடுக்காதீர்கள், ஆனால் 40 டாலரை உறையில் போட்டுக் கொடுத்து, "இது டிக்கெட் காசு" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கார்டும் பர்ஸும் அறையில் இருக்கட்டும்.

ஸ்லாட் மெஷின், அதாவது பணம் போட்டுப் பொத்தானை அழுத்தி ஆடுகிற மெஷின், எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு முதலில் விளக்குங்கள். 'ஒரு சென்ட் மெஷின்' என்று எழுதியிருக்கும். 20 டாலர் நோட்டை உள்ளே விட்டதும் திரையில் 2,000 என்று காட்டும். டாலர் மறைந்து வெறும் எண் ஆகிவிட்டது, அதுதான் முதல் வேலை. ஒரு சென்ட் மெஷின் என்றாலும் ஒரு சென்டுக்கு ஆட முடியாது. குறைந்தபட்சமே 50, 75, 88 என்று இருக்கும். 75 வைத்து அழுத்துகிறார் என்று வையுங்கள். 20 விழுகிறது. மணி அடிக்கும், விளக்கு மின்னும், அப்பா ஜெயித்துவிட்டதாகத் திரும்பிப் பார்ப்பார். உண்மையில் 55 போய்விட்டது. ஆறு செகண்டுக்கு ஒரு தடவை அழுத்தினால் மணிக்கு 600 தடவை, அதாவது 450 டாலர் மெஷினுக்குள் சுற்றும். அதில் பத்து சதவீதம் மெஷின் எடுத்துக்கொண்டால் மணிக்கு 45 டாலர். அப்பா உள்ளே விட்டது 20. ஒவ்வொரு சுற்றின் முடிவையும் உள்ளேயிருக்கும் கணினிச் சில்லு அந்த நொடியில்தான் முடிவு செய்கிறது. "ரொம்ப நேரமா விழலை, இப்ப விழும்" என்பதற்கு அங்கே இடமே இல்லை. மெஷினை விட்டு எழும்போது பணம் காகிதச் சீட்டாக வெளியே வரும், அதை மறந்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். எடுத்துக்கொண்டுபோய்ப் பணமாக்கவேண்டும்.

அவருக்கு ரூலட்தான் சரி என்பது என் அபிப்பிராயம். எண் போட்ட சக்கரத்தைச் சுழற்றிக் குண்டை விடுவார்கள், அது எந்த எண்ணில் விழும் என்று பணம் வைக்கவேண்டும். மெதுவாக நடக்கும், கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளலாம், பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள். ஆனால் சக்கரத்தைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். ஒரே ஒரு பூஜ்யம் இருந்தால் வைக்கிற பணத்தில் சராசரியாக 2.7 சதவீதம் ஹோட்டலுக்குப் போகும், இரண்டு பூஜ்யம் என்றால் 5.26, மூன்று பூஜ்யம் என்றால் 7.69. ஸ்ட்ரிப்பில் மூன்று பூஜ்யச் சக்கரம் நிறைய வந்துவிட்டது, குறைந்தபட்சத் தொகையும் அதிகம். வாரநாள் மதியத்தில் ஃப்ரீமான்ட் தெருவுக்குக் கூட்டிப்போங்கள், குறைந்த தொகையில் மேசை கிடைக்கும். பணத்தை டீலர் (ஆட்டத்தை நடத்துகிறவர்) கையில் கொடுக்கக் கூடாது, மேசையின் மேல் வைக்கவேண்டும். அவர் அதை விரித்து கேமராவுக்குக் காட்டிவிட்டு அப்பாவுக்கென்று தனி நிறத்தில், பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடுகிற வட்டச் சில்லுகளைத் தள்ளுவார். அந்த நிறம் அந்த மேசையில் வேறு யாருக்கும் கிடையாது. போனை வெளியே எடுக்கவேண்டாம். பிளாக்ஜாக் என்கிற சீட்டாட்டம் ஆடத் தெரிந்தால் மட்டும் உட்காரலாம், அதிலும் '6-க்கு 5' என்று எழுதிய மேசையை விட்டுவிடுங்கள். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால், 10 டாலருக்கு 15 கிடைக்கவேண்டிய இடத்தில் 12-தான் தருவார்கள். ஸ்லாட்டில் தற்செயலாகப் பெரிய தொகை விழுந்தால், விலக்கு பெற்ற சில நாட்டவரைத் தவிர மற்ற வெளிநாட்டவருக்கு 30 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். ரூலட்டுக்கு அந்தப் பிடித்தம் இல்லை.

கூடத்துக்குள் கடிகாரம் இருக்காது, ஜன்னலும் அநேகமாக இருக்காது. ஆக்சிஜனைக் குழாயில் விட்டு ஆட்களைத் தூங்கவிடாமல் செய்கிறார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது, அது பொய். ஆனால் புகை நிஜம். பெரும்பாலான கூடங்களில் சிகரெட் பிடிக்க இன்னும் அனுமதி உண்டு. யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் பார்க் எம்ஜிஎம்மில் அறை எடுங்கள், அங்கே உள்ளே புகைக்கவே கூடாது.

பெரியவர்கள் சங்கடப்படுகிற விஷயங்களும் கொஞ்சம் உண்டு. சாலையோரத்தில் ஆபாசப் படம் போட்ட அட்டைகளைக் கையில் திணிப்பார்கள். இறகு உடையில் அரைகுறையாக நிற்கும் பெண்கள் படம் எடுத்துக்கொள்ளக் கூப்பிட்டு, எடுத்தபின் ஆளுக்கு இருபது டாலர் கேட்பார்கள். கஞ்சா வாடை வரும். கையை நீட்டாமல், நிற்காமல் நடந்தால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். ராத்திரி பதினோரு மணிக்குள் அறைக்கு வந்துவிட்டால் இதில் பெரும்பகுதி கண்ணிலேயே படாது.

ஒன்றைத் தயவுசெய்து செய்யுங்கள். அறையைச் சுத்தம் செய்கிறவருக்கு ஒவ்வொரு நாளும் ஐந்து டாலர் தலையணைமேல் வைத்துவிட்டுப் போங்கள். கடைசி நாளில் மொத்தமாக வைத்தால் வேறொருவர் கைக்குப் போகலாம். நான் வேலை முடித்துக் காலையில் கிளம்பும்போது அந்தப் பெண்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டில் ஏறுவார்கள். பெரும்பாலும் மெக்சிகோ, எல் சால்வடோர், பிலிப்பைன்ஸ், எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர்கள், ஆளுக்கு ஒரு நாளில் பதினைந்து அறை வரை. கட்டில் மெத்தையை முட்டியால் தூக்கிப் பிடித்து விரிப்பைச் செருகுவார்கள். அவர்கள் முழங்காலும் அம்மாவின் முழங்கால் மாதிரிதான் ஆகிவிட்டிருக்கும். கூலினரி யூனியன் என்று சுமார் 60,000 பேர் கொண்ட அவர்களுடைய சங்கம் போராடிப் பெற்ற சம்பளத்தால்தான் அவர்களில் பலர் அந்த ஊரில் வீடு வாங்க முடிந்தது.

ஒரு நாள் காலை ரெட் ராக் கேன்யன் போங்கள். ஸ்ட்ரிப்பிலிருந்து அரை மணி நேரம், 13 மைல் சுற்றுச் சாலை, காரிலிருந்தே செம்மண் மலைகளைப் பார்க்கலாம். அக்டோபர் முதல் மே வரை நேரம் குறித்து முன்பதிவு செய்யவேண்டும். திரும்பும் வழியில் சம்மர்லின் என்ற பகுதியில் இந்துக் கோயில் இருக்கிறது. கிராண்ட் கேன்யனை இந்த மூன்று நாளுக்குள் திணிக்காதீர்கள். தெற்கு விளிம்பு 280 மைல், போகவே நாலரை மணி நேரம்.

அதற்குப் பதிலாக அரை நாளை ஹூவர் அணைக்குக் கொடுங்கள், 45 நிமிஷத் தூரம். பெலாஜியோ குளத்தைப் பார்க்கும்போது அப்பா நிச்சயம் கேட்பார், "பாலைவனத்தில் தண்ணியை இப்படி வாரி இறைக்கிறானே" என்று. அந்தக் குளத்துத் தண்ணீர் அந்த இடத்திலேயே இருக்கும் கிணற்றிலிருந்து வருகிறது. முன்பு அங்கே இருந்த ட்யூன்ஸ் ஹோட்டலின் கோல்ஃப் மைதானத்துக்குப் பாய்ந்த தண்ணீர்தான். ஹோட்டல் அறைகளில் குளிக்கிற, கழுவுகிற தண்ணீர் ஏறக்குறைய முழுவதையும் சுத்திகரித்து மறுபடி ஹூவர் அணைக்குப் பின்னால் இருக்கும் மீட் ஏரிக்கே விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு திருப்பி விடுகிறார்களோ அவ்வளவு கூடுதலாக எடுத்துக்கொள்ள உரிமை உண்டு. திரும்பி வராதது புல்வெளிக்குப் போகிற தண்ணீர்தான். அதனால் அழகுக்காக மட்டும் வளர்க்கும் புல்லை 2027 முதல் தடைசெய்து 2021-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

இவ்வளவு சிக்கனத்துக்குக் காரணம் அணையின் மேல் நின்றால் புரியும். கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் 1922-ல் ஒப்பந்தம் போட்டுப் பிரித்துக்கொண்டன. நம் காவிரி ஒப்பந்தம் 1924. பிறகு வந்த பங்கீட்டில் கலிஃபோர்னியாவுக்கு நம் கணக்கில் 190 டி.எம்.சி.க்கு மேல், நெவாடாவுக்கு வெறும் 13. அப்போது அந்த மாநிலம் முழுவதும் சேர்த்தே ஒரு லட்சம் பேர் இல்லை. இன்று லாஸ் வேகஸ் வட்டாரத்தில் மட்டும் 22 லட்சத்துக்கு மேல், வந்து போகிறவர்கள் வருஷத்துக்குச் சுமார் 4 கோடி. ஹூவர் அணை 1935-ல் திறக்கப்பட்டது, மேட்டூர் 1934-ல். 726 அடி உயரம். பின்னால் தேங்கும் மீட் ஏரி நிரம்பினால் பன்னிரண்டு மேட்டூருக்கு மேல் பிடிக்கும். 2000-ஐ ஒட்டிக் கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது. அதன்பின் வறட்சியில் இறங்கி இறங்கி 2022 ஜூலையில் 1,040 அடிக்கு வந்தது. முழு மட்டம் 1,229. பாறைகளில் தண்ணீர் இருந்த உயரம் வரை வெள்ளைவெளேரென்று பட்டை படிந்திருக்கும். பேப்பரில் மேட்டூர் நீர்மட்டம் பார்த்துப் பழகிய ஒருவருக்கு அந்தப் பட்டையை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

காலை ஒன்பது மணிக்கு முன் போய்விடுங்கள், நடக்கிற தூரம் குறைவு. அணை வேலையில் செத்தவர்கள் அதிகாரபூர்வக் கணக்கில் 96 பேர். நெவாடாக் கரையில் இரண்டு பெரிய சிறகுள்ள வெண்கலச் சிலைகள் உண்டு, அதிர்ஷ்டம் என்று வருகிறவர்களெல்லாம் கால் விரலைத் தேய்த்துத் தேய்த்து அது மட்டும் பொன்னாக மின்னும். அணைக்குப் பின்னால் தண்ணீருக்குள் நிற்கிற கோபுரங்களில் ஒன்றில் நெவாடா நேரம், இன்னொன்றில் அரிசோனா நேரம் காட்டும் கடிகாரம் இருக்கிறது. மூன்று நாளில் நீங்கள் பார்க்கிற முதல் பொதுக் கடிகாரம் அதுவாகத்தான் இருக்கும். அரிசோனா கோடை நேரத்துக்கு மாறுவதில்லை என்பதால் ஏப்ரலில் இரண்டும் ஒரே மணியைக் காட்டும். அப்பா வாட்சைத் திருப்பவேண்டியதில்லை.